அழைப்பிதழ் வராத கல்யாணம்: பிரிட்டிஷ் அரச திருமண நாளை வீட்டிலும் தெருவிலும் கொண்டாட ஒரு முழு வழிகாட்டி

2011 ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை. வில்லியம், கேத்தரின் கல்யாணம். லண்டன் புறநகரில் எங்கள் வீட்டு ஹாலில் பதினாறு பேர் கூடியிருந்தோம். காலை ஒன்பதுக்கே மேஜை நிறையச் சாப்பாடு வைத்துவிட்டேன். பத்து மணிக்குள் தட்டெல்லாம் காலி. பெண் ஓட்டலை விட்டுக் காரில் ஏறியதே 10:51-க்குத்தான். அப்போது பாதிப் பேர் சோபாவில் சாய்ந்து கண் அயர்ந்திருந்தார்கள். பதினொன்றே காலுக்கு என் மாமியார் என்னைப் பார்த்து, "ஏம்மா, தாலி எப்பத்தான் கட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்குப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். இந்தக் கல்யாணத்தில் நமக்கு முகூர்த்த வேலை கிடையாது, சம்பந்தி சண்டை கிடையாது, மொய் கிடையாது. நம் கையில் இருப்பது நேரம் மட்டும். அரண்மனை வெளியிடும் நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு சமையல், ஆட்டம், டீ எல்லாவற்றையும் அதன்மேல் பொருத்திவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 2018-இல் வில்லியமின் தம்பி ஹாரி, மேகன் கல்யாணத்துக்கு அப்படிச் செய்தேன், யாரும் தூங்கவில்லை.

அறிவிப்பு வந்ததும் பார்க்க வேண்டியவை

நிச்சயதார்த்தச் செய்தி வந்த அன்றே கடைக்கு ஓட வேண்டாம். கல்யாணத் தேதி பிறகுதான் வரும். வில்லியம் நிச்சயம் அறிவிக்கப்பட்டது 2010 நவம்பர் 16. தேதி ஒரு வாரம் கழித்து வந்தது. ஹாரி நிச்சயம் 2017 நவம்பர் 27; மே 19 என்ற தேதி டிசம்பர் நடுவில்தான் தெரிந்தது. இரண்டு முறையும் கையில் ஐந்து மாதம் இருந்தது. தாராளமாகப் போதும்.

அடுத்து, கிழமை. 2011-இல் வெள்ளிக்கிழமைக்குத் தனியாகப் பொது விடுமுறை விட்டார்கள். 2018-இல் கல்யாணமே சனிக்கிழமை, தனி விடுமுறை கிடையாது. அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி இளவரசி யூஜெனி கல்யாணமும் வெள்ளிதான், ஆனால் விடுமுறை இல்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அரசு தனியாக முடிவு செய்வது இது. நீங்களாக ஊகித்துக்கொண்டு அலுவலகத்தில் லீவு சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

நேரலை உண்டா என்பதையும் பாருங்கள். எல்லா அரச கல்யாணமும் டிவியில் வராது. 2020 ஜூலையில் இளவரசி பியாட்ரிஸ் கல்யாணம் நடந்து முடிந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

நேரம் தெரிந்ததும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குச் சொல்லிவிடுங்கள். கோடையில் லண்டன் காலை 11 மணி என்றால் சென்னையிலும் கொழும்பிலும் மாலை 3:30, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மாலை 6, டொரன்டோவில் விடிகாலை 6. டொரன்டோ சித்திக்கு மட்டும் முதல் நாளே நினைவூட்ட வேண்டும். வீடியோ காலை டிவி பக்கம் திருப்பி வைக்காதீர்கள், இரண்டு ஒலியும் மோதி எதிரொலிக்கும். அவரவர் வீட்டில் அவரவர் டிவி; கால் முகங்களுக்கு மட்டும்.

எங்கே கூடுவது

வீடு என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. ஐபிளேயர் போன்ற இணையவழி நேரலை, ஆன்டெனா வழி ஒளிபரப்பைவிடச் சில நொடிகளாவது பின்தங்கும், சில நேரம் அதைவிட அதிகம். 2018-இல் நாங்கள் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து 'ஓ'வென்று சத்தம் வந்த பிறகுதான் எங்கள் திரையில் மணப்பெண் காரிலிருந்து இறங்கினார். சுவர் மெல்லியதாக இருந்தால் ஆன்டெனாவிலேயே பாருங்கள். எதில் பார்த்தாலும் நேரலைக்கு டிவி லைசென்ஸ் வேண்டும். சமூகக் கூடத்தில் திரை வைத்தால் அந்தக் கூடத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தெருவில் கூடுவதுதான் இந்த நாட்டின் வழக்கம். முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் குழந்தைகளுக்காகத் தெருவில் வைத்த 'சமாதான டீ' விருந்துகளில் தொடங்கியது. அப்புறம் முடிசூட்டு, ஜூபிலி என்ற ஆட்சி ஆண்டுவிழா, கல்யாணம் எதுவானாலும் மேஜையைத் தூக்கித் தெருவில் போடுவது பழக்கமாகிவிட்டது. சட்டம் பயப்படுகிற அளவுக்கு இல்லை:

- தெருவை மூட உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். பொதுவாக 4 முதல் 12 வாரத்துக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். தேதி தெரிந்த வாரமே கவுன்சில் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். 2011-இல் பல கவுன்சில்கள் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை.
- அந்தத் தெருவாசிகளுக்கு மட்டுமான சின்ன விருந்து என்றால் பாட்டுப் போடவோ, சாப்பாடு பரிமாறவோ தனி உரிமம் தேவையில்லை. மதுவைக் காசுக்கு விற்றால்தான் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு என்ற படிவமும் 21 பவுண்டும். விற்காதீர்கள், தீர்ந்தது விஷயம்.
- தீயணைப்பு வண்டி வந்தால் உடனே வழி விடக்கூடிய மாதிரி மேஜைகளைப் போடுங்கள். கையால் தூக்கி நகர்த்த முடியாத எதையும் நடுத்தெருவில் வைக்க வேண்டாம்.

மேஜைக்கு வாடகை கொடுக்கத் தேவையில்லை. சுவரில் காகிதம் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் மடக்கு மேஜை இங்கே பல வீட்டு கராஜில் தூசி பிடித்துக் கிடக்கும். அதில் நாலை வரிசையாகப் போட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டினால் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். நடுவில் கனமான பாத்திரம் வைத்துவிடாதீர்கள், வளைந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பெரிய ஜூஸ் ஜாடி அப்படித்தான் கவிழ்ந்தது.

அனுமதி வாங்க நேரமில்லை என்றால் தெருவை மூடாமலேயே ஒரு வழி உண்டு. வீட்டு முன் தோட்டத்திலோ கார் நிறுத்தும் இடத்திலோ நாற்காலிகளைப் போட்டு, எதிர்வீடும் அதேபோல் போட்டால் போதும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நேரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு: 2018-இல் கல்யாணம் நடந்த வின்ட்சரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். நல்ல இடம் பிடிக்க முதல் நாள் இரவே போய்ப் படுத்தவர்கள் உண்டு. வண்டி உங்களைக் கடக்கச் சில நொடி. சின்னக் குழந்தைகளும் முட்டிவலிக்காரர்களும் இருக்கும் குடும்பத்துக்கு வீட்டு சோபாதான் ராஜ மரியாதை.

அன்றைய கடிகாரம்

மாதிரிக்கு 2011-இன் நேரங்கள். எந்தப் பெரிய அரச கல்யாணமும் ஏறக்குறைய இந்தச் சட்டகத்தில்தான் நகரும்.

8:15-க்கு விருந்தினர்கள் கல்யாணம் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் வரத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 1,900 பேர். இந்த இரண்டு மணி நேரம் முழுக்கத் தொப்பிதான். வீட்டில் இப்போது காபி, பிஸ்கட் தவிர எதையும் எடுக்காதீர்கள். 10:10-க்கு மாப்பிள்ளை கிளம்பினார். 10:40-க்கு ராணி. இப்போது சின்னச் சாண்ட்விச்சுகளை வெளியே எடுக்கலாம். 10:51-க்குப் பெண் காரில் ஏறியதும் அடுப்படியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஹாலுக்கு வந்துவிட வேண்டும். சரியாக 11-க்கு அபே வாசல்.

ஆராதனை 12:15 வரை. நடுவில் தம்பதிகள் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போவார்கள். அது கேமராவில் வராது. பாட்டு மட்டும் ஓடும். 2018-இல் அந்த நேரத்தில்தான் 19 வயது ஷேகு கானே-மேசன் செல்லோ வாசித்தார். வீட்டில் கெட்டில் போட வேண்டிய நேரம் இது. நாடு முழுக்க இதே நினைப்பு வரும். பெரிய நேரலைகளின் இடைவெளியில் லட்சக்கணக்கான கெட்டில்கள் ஒன்றாகக் கொதித்து மின்தேவை திடீரென ஏறும் என்பதால், மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு அறையில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முன்கூட்டியே தயாராக இருக்கிறார்கள். ஆனால் செல்லோ கேட்க ஆசைப்படுபவரை டீ போட அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

12:15-க்குப் பிறகு குதிரை வண்டி ஊர்வலம். அது முடிந்ததும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் திரையில் ஒன்றும் இருக்காது, வர்ணனையாளர்கள் பேசியதையே பேசுவார்கள். சாப்பாட்டுக்கு இதுதான் முகூர்த்தம். ஒலியைக் குறைத்துவிட்டு எல்லோரையும் மேஜைக்கு அழையுங்கள். 1:25-க்கு பக்கிங்காம் அரண்மனை மாடம், முத்தம்; 1:30-க்கு மேலே பறந்து போகும் விமானங்கள். தட்டோடு ஹாலுக்கு ஓடி வந்து பார்த்தாலே போதும். கல்யாணம் வின்ட்சரில் என்றால் மாடக் காட்சி கிடையாது, ஊர்வலத்தோடு முடிந்துவிடும். சாப்பாட்டை அதற்கேற்றபடி அதன் பின்னால் தள்ளுங்கள்.

சாப்பாடு: ஆளுக்கொரு பதார்த்தம்

நீங்கள் ஒருவரே சமைத்தால் ராத்திரி உடம்பு வலியில் கல்யாணம் மறந்துவிடும். பத்து நாள் முன்பே குழுவில் பட்டியல் போட்டுப் பங்கு பிரித்துவிடுங்கள். "ஏதாவது கொண்டு வாங்க" என்றால் ஏழு பேர் சமோசாவோடு வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளே செய்து வைக்கக்கூடிய பதார்த்தங்களில் கோரோனேஷன் சிக்கனை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 1953 முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கியது. இப்போது எல்லாக் கொண்டாட்டத்துக்கும் வந்துவிடும். கடையில் டப்பாவில் விற்பது மஞ்சள் நிறத்தில் தித்திப்பாக இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள். பன்னிரண்டு பேருக்கு: எலும்பு நீக்கி வேகவைத்த கோழி ஒரு கிலோ. ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, ஒரு மேஜைக்கரண்டி கறிப்பொடி போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். ஒரு கரண்டி தக்காளி விழுது, அரைக் கோப்பைத் தண்ணீர், இரண்டு மேஜைக்கரண்டி ஏப்ரிகாட் ஜாம், எலுமிச்சைச் சாறு. கெட்டியானதும் வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மயோனைஸ் சேர்த்தால் திரிந்துவிடும். ஆறியதில் 200 கிராம் மயோனைஸ், 100 கிராம் கெட்டித் தயிர் கலந்து கோழியைப் புரட்டி இரவு முழுக்கக் குளிரில் வையுங்கள். என் மாமியார் இதை ருசி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா குழம்பு ஆறிப்போன மாதிரி இருக்கே" என்றார். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார்.

டீயோடு சாப்பிடும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியை அன்று காலைதான் செய்ய வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. தானாக உப்பும் மாவு 225 கிராமில் 55 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, 25 கிராம் சர்க்கரை, 150 மில்லி பால் சேர்த்து அதிகம் பிசையாமல் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற கைக்கு இதுதான் சிரமம், இரண்டு புரட்டில் நிறுத்தத் தோன்றாது. இரண்டரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகாமல் நேராக அழுத்துங்கள்; திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு கோணலாக உப்பும். 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். முதலில் ஜாமா கிரீமா என்ற தகராறு வரும். கார்ன்வால்காரர்கள் ஜாம், டெவன்காரர்கள் கிரீம். இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கேக்குக்கு 2018-ஐப் பின்பற்றலாம். அது எலுமிச்சை, எல்டர்ஃப்ளவர் (வாசனையுள்ள ஒரு வெள்ளைப் பூ) கேக். 200 எலுமிச்சை, 500 முட்டை போனது அதற்கு. நமக்குக் கடையில் வாங்கிய எலுமிச்சைக் கேக்கின் மேல் எல்டர்ஃப்ளவர் சாற்றைப் பிரஷ்ஷால் தடவினால் போதும், அந்த வாசனை வந்துவிடும். மரபான அரசக் கல்யாணக் கேக் என்றால் உலர்பழக் கேக். 2011-இல் எட்டு அடுக்கு. மாதக்கணக்கில் கெடாது, அந்தக் கேக்கில் ஓர் அடுக்கை எடுத்து வைத்து 2013-இல் மகன் ஜார்ஜின் ஞானஸ்நானத்துக்குப் பரிமாறினார்கள்.

குழந்தைகள் கையில் விட வேண்டியது வில்லியம் கேட்டு வாங்கிய சாக்லேட் பிஸ்கட் கேக். அடுப்பே வேண்டாம். 250 கிராம் ரிச் டீ பிஸ்கட்டை உடைத்து, உருக்கிய 200 கிராம் கறுப்புச் சாக்லேட், 100 கிராம் வெண்ணெய், இரண்டு மேஜைக்கரண்டி கோல்டன் சிரப் கலந்து அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வெட்டலாம். உடைக்கச் சொல்லும்போது பொடியாக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதிப் பிஸ்கட் வாய்க்குள் போகும் என்பதால் ஒரு பாக்கெட் அதிகம் வாங்குங்கள்.

கோழி, கிரீம், சாண்ட்விச் மூன்றையும் இரண்டிரண்டு தட்டாக வெளியே எடுங்கள். வெயிலில் மொத்தமாக வைக்காதீர்கள்.

அரசகுடும்பம் பிடிக்காதவரும் வருவார்

ஒவ்வொரு கூட்டத்திலும் "நம்ம வரிப்பணம்" என்று தொடங்கும் ஒரு மச்சான் இருப்பார். அவரோடு வாதாடாதீர்கள், அவரை நடுவராக்குங்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு ஒரு பந்தயத் தாள்: ராணி அல்லது மூத்த பெண்மணி அணியும் உடையின் நிறம், பெண் எத்தனை நிமிடம் தாமதம், மழை வருமா, யார் முதலில் அழுவார். ராணி எலிசபெத் 2011-இல் மஞ்சளும் 2018-இல் எலுமிச்சைப் பச்சையும் அணிந்தார். இரண்டு தடவையும் நான் நீலம் என்று எழுதித் தோற்றேன். மச்சான் வெற்றியாளரை அறிவிக்க டிவியை விட்டு நகரவே மாட்டார்.

குழந்தைகளுக்கு ஓர் அட்டையில் கட்டம் போட்டு, குதிரை, மணி, அழும் பாட்டி, கொட்டாவி விடும் சிறுவன், இறகு வைத்த தொப்பி என்று எழுதிக் கொடுங்கள். பார்த்ததை அடித்துக்கொண்டே போக வேண்டும். 2011 மாடத்தில் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்ட சின்னப் பெண்ணை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்கு வயது மருமகள்தான்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக: வந்தவர்கள் எல்லோரும் தலையில் ஏதாவது வைக்க வேண்டும் என்று மட்டும் விதி போடுங்கள். பட்டுச் சேலைக்கு இறகுத் தொப்பி வினோதமாகப் பொருந்தும். மல்லிகைப் பூவும் தலையில் வைப்பதுதான், ஏற்றுக்கொள்ளலாம்.

பார்க்கும்போது சொல்வதற்குச் சில

மாமியார் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தாலிக்குச் சமம் மோதிரம். உறுதிமொழி சொல்லி முடித்த உடனே வரும். மோதிரத் தங்கம் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தினது, 1923 முதல் வரும் வழக்கம். கேத்தரின் விரலில் அது கொஞ்சம் இறுக்கமாகப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வில்லியம் மோதிரம் போட்டுக்கொள்ளவில்லை. உறுதிமொழியில் மனைவி 'கீழ்ப்படிவேன்' என்று சொல்லும் வரியை டயானா 1981-லேயே விட்டுவிட்டார். கேத்தரினும் மேகனும் சொல்லவில்லை. டயானா பதற்றத்தில் மாப்பிள்ளையின் பெயர் வரிசையையே மாற்றிச் சொன்னார் என்பதையும் எடுத்துவிடுங்கள், அறையில் சிரிப்பு கேட்கும்.

பூச்செண்டில் மிர்ட்டில் என்ற சிறு வெள்ளைப் பூக்கொத்து இருக்கிறதா பாருங்கள். விக்டோரியா ராணி காலத்திலிருந்து தொடர்வது. கல்யாணம் முடிந்ததும் செண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறைக்குப் போகும்.

2018-இல் மேகனின் ஐந்து மீட்டர் முகத்திரையில் 53 காமன்வெல்த் நாடுகளின் பூக்களைத் தைத்திருந்தார்கள். இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கு நீல ஆம்பல், மலேசியாவுக்குச் செம்பருத்தி, சிங்கப்பூருக்கு ஆர்க்கிட். வீடியோ காலில் இருந்த நான்கு ஊர்க்காரர்களும் தங்கள் பூவைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். கேமரா அவ்வளவு பக்கத்தில் போகவே இல்லை. அடுத்த நாள் பத்திரிகைப் படத்தை அனுப்பினேன்.

நாட்டுப்பண் வரும்போது எழுந்து நிற்க வேண்டுமா என்று கேட்பார்கள். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி எண்பது வயதில், ஒரு கையில் ஸ்கோன், இன்னொரு கையில் நாற்காலிப் பிடி என்று எழுந்து நின்றார். பாட்டு முடியும்வரை ஸ்கோனைக் கடிக்கவில்லை. அவருக்குத் துணையாக என் மாமியாரும் நின்றார், ஏன் என்று தெரியாமலேயே.

முடிந்த பிறகு

தெரு அனுமதியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே பாட்டை நிறுத்திவிடுங்கள். மூன்று குப்பைப் பை: மறுசுழற்சி, உணவு, மற்றது. முக்கோணத் துணித் தோரணத்தைக் கத்தரிக்காமல் அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள், அடுத்த ஜூபிலிக்கு ஆகும். பந்தயப் பணத்தைக் கொடுத்துவிட்டு மச்சானை வழியனுப்புங்கள்.

பாத்திரம் கலக்காமல் இருக்க, கொண்டு வருகிறவர்களையே அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதச் சொல்லுங்கள். 2011-இல் நான் அதைச் செய்யவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியின் நீல மூடி டப்பா எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது நம் பழக்கமில்லை என்று மாமியார் அதில் முறுக்கு போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அதே டப்பா ஷார்ட்பிரெட்டோடு திரும்பி வந்தது. இப்போது அது எந்த வீட்டு டப்பா என்று இரண்டு பக்கமும் மறந்துபோயிற்று.